பேஸ் வரிசையில் ஒரு வருடம்

செப்டம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே நான் குடியிருக்கும் பகுதியில் தேவாலயத்தை ஒட்டி ஒரு கூடம் உண்டு. அங்கே நாற்பது நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். என்னைக் கடைசி வரிசையில் வலது ஓரமாக உட்காரச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலிப் பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கறுப்பு ஃபைலையும் சீவிய பென்சில் ஒன்றையும் என் கையில் கொடுத்தார். "பேனா வேண்டாம். இன்றைக்கு எழுதுவதை அடுத்த வாரம் அழிக்க வேண்டியிருக்கும்" என்றார்.

என்னை அழைத்துப் போனவர் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர். மதியம் சாப்பிடும்போது நான் ஏதோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "எங்கள் பாட்டுக் குழுவில் ஆண் குரல் குறைவு, வந்து பாரேன்" என்றார். குரல் தேர்வு எதுவும் கிடையாது. சந்தா கட்டினால் போதும். எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாதே என்றேன். "பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாடு. அவரும் அப்படித்தான் தொடங்கினார்" என்றார்.

குழுவை நடத்தும் அம்மா பியானோ பக்கமே போகவில்லை. சட்டைப் பையிலிருந்து சுருதி பிடிக்க உதவும் சின்ன இரும்புக் கவை ஒன்றை எடுத்தார். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்தார். கண்ணை மூடி அரை நொடி கேட்டார். பிறகு நான்கு ஸ்வரங்களை மெல்ல முனகினார்: பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோவுக்கு ஒன்று, தாழ்ந்த குரலான ஆல்டோவுக்கு ஒன்று, ஆண்களின் உயர்ந்த குரலான டெனருக்கு ஒன்று, தாழ்ந்த குரலான பேஸுக்கு, அதாவது எங்களுக்கு, ஒன்று. கை உயர்ந்தது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்த சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் கூடம் முழுவதும் ஒலியால் நிறைந்தது. அந்த மூச்சுச் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன்.

சின்ன வயதில் நான்கு வருடம் பாட்டு வகுப்புக்குப் போனவன் நான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், சில கீதங்கள், இரண்டு வர்ணங்கள். அவ்வளவுதான் என் சொத்து. நான் அறிந்த பாட்டில் தம்புரா ஓர் இடத்தில் நிற்கும், குரல் அதன்மேல் ஏறி இறங்கும். இங்கே எனக்குக் கிடைத்த பேஸ் வரியோ முதல் ஆறு அடிகளும் ஒரே ஸ்வரம். சரி, நான்தான் தம்புரா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாடினேன். ஏழாவது அடியில் எங்கள் வரி ஒரு படி இறங்கியது. மேலே சொப்ரானோ பாடிக்கொண்டிருந்த ஸ்வரம் மாறவே இல்லை. ஆனால் அதன் முகம் மாறிவிட்டது. வெளிச்சமாக இருந்த ஒன்று சட்டென்று மாலை மங்கியதுபோல் ஆகிவிட்டது. ஆதார சுருதியே எழுந்து நடந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் உணர்ந்தேன். இளையராஜா பாடல்களில் ஆயிரம் முறை காதால் கேட்டிருக்கிறேன். உள்ளே நின்று கேட்பது வேறு.

எட்டு மணிக்கு இடைவேளை. ஃபீக்கா என்று சொல்லும் காப்பி நேரம், கூடவே பட்டை வாசம் வீசும் பன். காப்பிக் காசைப் போட ஒரு தகர டப்பா இருந்தது. எல்லோரும் கைப்பேசியிலேயே பணம் அனுப்பிவிடும் ஊர் இது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் மட்டும் டப்பாவில் ஐம்பது க்ரோனர் நோட்டுப் போட்டார். அதில் தொப்பி வைத்த ஒருவரின் படம். யார் என்று கேட்டேன். ஏவெர்ட் டோப் என்றார். கடலையும் மாலுமிகளையும் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடிய கவிஞர். ஐந்நூறு க்ரோனர் நோட்டில் இருப்பவர் பிர்கித் நில்சன், ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓப்பரா என்னும் இசை நாடகங்களைப் பாடி உலகையே கட்டிப்போட்ட சொப்ரானோ. அதற்கு முந்தைய ஐம்பது க்ரோனர் நோட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடகி யென்னி லிண்ட் இருந்தாராம். அரசரையும் அறிஞரையும் நோட்டில் அச்சிடுவதைப் பார்த்திருக்கிறேன். கூத்து மேடைப் பாட்டுக்காரரும் ஓப்பராப் பாடகியும் ஒரே பணப்பையில் இருப்பதை இங்கேதான் பார்த்தேன்.

அக்டோபரில் எங்களுக்கு 'அஃப்டோனென்' கொடுத்தார்கள். சொல்லுக்கு மாலைப்பொழுது என்று பொருள். ஹூகோ ஆல்வேன் 1942-இல் இசையமைத்தது. காடு அமைதியாக நிற்கிறது, வானம் தெளிந்திருக்கிறது, தூரத்தில் மேய்ப்பர்களின் கொம்பு ஊதும் ஒலி. இவ்வளவுதான் பாட்டு. வாயை மூடிக்கொண்டு முனகும் இடங்கள்தான் கடினம். உதட்டை இறுக்கினால் ஒலி மூக்கில் மாட்டிக்கொள்ளும். பற்களைச் சற்றுப் பிரித்து, நாக்கைத் தளரவிட்டு, உதட்டை மட்டும் லேசாகச் சேர்க்க வேண்டும். சரியாக வந்தால் உதடு கூசும். மூன்று வாரம் அதையே செய்தோம். காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட முனகிப் பார்த்தேன். வெளியே இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன, நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

அந்தக் கவிதையை எழுதியவர் ஹெர்மன் சாட்டர்பெரி. கவிஞர் என்றாலும் தொழிலால் எலும்பு மருத்துவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்வீடனின் பெரும் இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் பெர்வால்டும் எலும்புச் சிகிச்சை நிலையம் நடத்திப் பிழைத்தவர்தான். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன், அதை அவசரமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆல்வேன் 1910 முதல் 1947 வரை உப்சாலா நகரத்தின் ஓர்ஃபெய் ட்ரெங்கர் என்ற ஆண்கள் குழுவை நடத்தியவர். 1853-இல் தொடங்கிய குழு அது. பெயருக்குக் கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்ஃபியஸின் பணியாட்கள் என்று பொருள், பெல்மன் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பாட்டுக்காரரின் வரியிலிருந்து எடுத்தது. பிறகு 1951 முதல் நாற்பது ஆண்டுகள் அந்தக் குழுவை நடத்தியவர் எரிக் எரிக்சன். எங்கள் குழுவை நடத்தும் அம்மா அவர் பெயரைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும். நம் நாட்டில் இந்துஸ்தானி இசைக்காரர்கள் குருவின் பெயரைச் சொல்லும்போது கை காதுக்குப் போகுமே, அதுபோல. 1945-இல் சில நண்பர்களோடு ஒரு சிறு குழு தொடங்கி, வானொலிக் குழுவையும் வளர்த்து, இந்த நாட்டில் கூடிப் பாடுவதன் தரத்தையே உயர்த்தியவர். 1997-இல் அவருக்குப் போலார் இசைப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன்.

இந்தப் பரிசை ஏற்படுத்தியவர் ஸ்வீடனின் பாப் குழுவான ஆபாவின் மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன். பாப் பாட்டில் சம்பாதித்த பணம். ஆனால் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் ஒரு பக்கம் வெகுஜன இசைக்கும் மறு பக்கம் செவ்வியல் இசைக்கும் என்று கொடுத்துவந்தார்கள். 1998-இல் ரே சார்ல்ஸும் நம் ரவிசங்கரும். 2016-இல் பாப் பாடல் எழுதும் மாக்ஸ் மார்ட்டினும் ஓப்பராப் பாடகி செசிலியா பார்ட்டோலியும். அரசர் கையால் பரிசு. இரண்டு வகையையும் ஒரே மேடையில் நிறுத்துவது வெறும் மரியாதைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வருடம் இங்கே பாடிய பிறகு அப்படித் தோன்றவில்லை. கீழே இருப்பவர்கள் ஒரே ஆட்கள்தான். செவ்வாய்க்கிழமை ஆல்வேனைப் பாடுகிறவர்கள்தான் சனிக்கிழமை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பாப் போட்டிக்கு வாக்குப் போடுகிறார்கள்.

டிசம்பர் 13. லூசியா என்ற ஒளித் திருநாள். காலை ஏழு மணிக்கு வெளியே கும்மிருட்டு. என் மகளின் பள்ளிக் கூடத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பெற்றோர்கள் கோட்டுகூடக் கழற்றாமல் சுவரோரம் நின்றோம். நடைபாதையின் மறுமுனையிலிருந்து பாட்டு வந்தது. பாடுபவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. பிறகு முதல் வெளிச்சம். தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம், வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டிய பெண் குழந்தை. அவளுக்குப் பின்னால் இரண்டிரண்டு பேராக மற்ற குழந்தைகள். கூம்புத் தொப்பி வைத்த நட்சத்திரப் பையன்கள். மூன்றாவது வரிசையில் என் மகள், கையில் பேட்டரி மெழுகுவர்த்தி. என்னைப் பார்த்தாள், ஆனால் சிரிக்கவில்லை. பாடும்போது சிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

அந்த மெட்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துடையது. கடற்கரைப் படகுக்காரன் பாடும் பாட்டாக டியோடோரோ காட்ராவ் 1850-ஐ ஒட்டி அச்சிட்டது. வெயிலும் கடலும் நிறைந்த அந்த மெட்டுக்கு, இரவு கனத்த அடி வைத்து நடக்கிறது என்று தொடங்கும் ஸ்வீடிஷ் வரிகளை ஆர்விட் ரோசேன் 1928-இல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று நகரத்துக்கு ஒரு லூசியாவைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தது. இன்று நாடு முழுக்க, மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் முதியோர் இல்லத்திலும் அதே மெட்டு. பழமையான சடங்கு என்று நினைத்திருந்தேன். நாம் பார்க்கும் வடிவத்துக்கு நூறு வயதுகூட இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இருட்டில் குழந்தைகளின் குரல் நெருங்கி வரும்போது என் தொண்டை அடைத்தது.

அன்று மாலை எங்கள் குழு தேவாலயத்தில் பாடியது. யான் சாண்ட்ஸ்ட்ரோம் 1990-இல் செய்த ஒரு பாட்டும் இருந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ப்ரெட்டோரியஸின் நானூறு ஆண்டுப் பழைய கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்து, மிக மிக மெதுவாக ஒரு குழு பாடுகிறது. சுற்றி நின்று இன்னொரு குழு முனகுகிறது. நாங்கள் முனகும் குழு. மூச்சு விட வேண்டிய இடத்தைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும், ஒலியில் ஓட்டை விழக் கூடாது. பெரியவர் மூச்சு இழுக்கும்போது நான் தாங்கினேன், நான் இழுக்கும்போது அவர் தாங்கினார். வெளியே வந்தபோது பனி பெய்துகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் வந்தால் ஸ்வீடிஷ் பாடகர் யூசி பியோர்லிங்கின் 'ஓ ஹெல்கா நாட்' வானொலியில் வராத நாள் இல்லை. 1959-இல் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு, நாற்பத்தொன்பது வயதில் இறந்துபோனார். அந்தக் குரல் உச்சத்துக்கு ஏறும்போது அதில் கொஞ்சமும் வலுக்கட்டாயம் தெரியாது. கதவு திறப்பதுபோல் திறக்கும். மதுரை சோமு மேலே போகும்போது நாம் சேர்ந்து நரம்பு புடைக்கக் கேட்போம். அந்தப் பழக்கத்தோடு பியோர்லிங்கைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

பிப்ரவரி வந்ததும் நாடு முழுவதும் மெல்லோ. மெலோடிஃபெஸ்டிவாலென் என்ற பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு ஸ்வீடனின் பாட்டைத் தேர்ந்தெடுக்க ஆறு சனிக்கிழமைகள் நடக்கும் போட்டி. மூன்று முதல் ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தனி வாக்குப் பிரிவு உண்டு. என் மகள் அதை மிகப் பொறுப்பாகச் செய்தாள். ஸ்வீடன் யூரோவிஷனில் இதுவரை ஏழு முறை வென்றிருக்கிறது. முதல் வெற்றி 1974 ஏப்ரல் 6, பிரைட்டன் நகரில், ஆபாவின் 'வாட்டர்லூ'.

அந்த வெற்றியை உள்ளூரில் எல்லோரும் கொண்டாடவில்லை என்பதை ஆல்டோ வரிசையில் இருக்கும் ஒரு பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். எழுபதுகளில் இடதுசாரி இளைஞர்களுக்கு ஆபா என்றால் வியாபாரம், பளபளப்பு, பொய். 1975-இல் யூரோவிஷன் ஸ்டாக்ஹோமில் நடந்தபோது அதை எதிர்த்து மாற்று விழா ஒன்றே நடத்தினார்கள். அடுத்த ஆண்டு ஸ்வீடன் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. பாட்டி அந்த மாற்று விழாவுக்குப் போனவர். "வீட்டில் ஆபா தட்டு வைத்திருந்தால் நண்பர்கள் வரும்போது ஒளித்து வைப்போம்" என்றார். இந்த வசந்தகால நிகழ்ச்சிக்கு நாங்கள் 'தேங்க் யூ ஃபார் த மியூசிக்' பாடினோம். அவர் ஃபைலைத் திறக்காமலே பாடினார். எல்லா வரியும் மனப்பாடம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆபாவின் பாட்டுகளை நான்கு குரலாகப் பிரித்துப் பாடிப் பார்த்தால்தான் அவற்றின் எலும்புக்கட்டு தெரிகிறது. நடுக் குரல்களுக்கும் பாட்டு இருக்கிறது, பேஸுக்கும் வேலை இருக்கிறது. ஆபாவின் இசையமைப்பாளர்களில் ஒருவரான பென்னி ஆண்டர்சன் ஆறு வயதில் அக்கார்டியன் கையில் எடுத்தவர். அப்பாவும் தாத்தாவும் அதையே வாசித்தவர்கள். வட்டமாக ஆடும் நாட்டுப்புற நடனத்தின் துள்ளலும் தேவாலயப் பாட்டின் அடுக்கும் அந்தப் பளபளப்புக்குக் கீழே அப்படியே இருக்கின்றன.

மாக்ஸ் மார்ட்டின் கதையும் இப்படித்தான். 1998-இல் பிரிட்னி ஸ்பியர்ஸுக்கு முதல் பெரும் வெற்றிப் பாட்டைக் கொடுத்தவர். உலகமே அமெரிக்கப் பாட்டு என்று நினைத்த பல பாட்டுகள் ஸ்டாக்ஹோம் ஸ்டூடியோக்களில் பிறந்தவை. தனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் நகராட்சி இசைப்பள்ளிதான் காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பள்ளிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் ஊராகப் பரவியவை. பள்ளி முடிந்த பிறகு மிகக் குறைந்த கட்டணத்தில், சில ஊர்களில் கட்டணமே இல்லாமல், எந்தக் குழந்தையும் வாத்தியம் கற்கலாம். வாத்தியத்தை வாடகைக்கும் கொடுப்பார்கள். என் மகளுக்கு வயலின் இடத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எனக்கு வருத்தம்தான். ஆனால் இடம் கிடைத்த நாளில் கால் அளவு வயலினைப் பெட்டியோடு கையில் கொடுத்தபோது அவள் அதை வீடுவரை இறக்கி வைக்கவே இல்லை.

இப்போது பெர்வால்ட். மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெர்வால்ட் அரங்குக்குப் போனேன். 1979-இல் திறந்த அரங்கம். பெரும் பகுதி பாறையைக் குடைந்து கட்டியது. வானொலி சிம்ஃபனி இசைக்குழுவுக்கும் வானொலிப் பாட்டுக் குழுவுக்கும் அதுதான் வீடு. படியிறங்கிப் பூமிக்குள் போய் இசை கேட்கிறோம்.

ஃப்ரான்ஸ் பெர்வால்ட் 1796-இல் பிறந்தார். அரசவை இசைக்குழுவில் வயலின் வாசித்தார். இசையமைத்தார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெர்லினுக்குப் போனார். அங்கே 1835-இல் எலும்புச் சிகிச்சை நிலையம் தொடங்கினார், அது நன்றாகவே ஓடியது. பிறகு வியன்னா, அப்புறம் மீண்டும் ஸ்வீடன். நாற்பதுகளில் நான்கு சிம்ஃபனிகள் எழுதினார். வாழ்ந்த காலத்தில் ஒன்றே ஒன்றுதான் மேடையேறியது, 1843-இல். ஐம்பதுகளில் வடக்கே சாண்டோ என்ற இடத்தில் கண்ணாடித் தொழிற்சாலையை நிர்வகித்தார், மரம் அறுக்கும் ஆலையும் நடத்தினார். 1868-இல் இறந்தார். 1845-இல் எழுதி முடித்த 'சின்ஃபோனி சிங்குலியேர்' என்ற சிம்ஃபனி முதன்முதலாக ஒலித்தது 1905-இல். அறுபது ஆண்டுகள். எழுதியவர் அதை மனசுக்குள் மட்டும்தான் கேட்டார்.

அன்றைக்கு அதைத்தான் வாசித்தார்கள். தொடக்கம் மிக எளிமையானது. ஒரு சின்ன உருவம் மெதுவாக மேலே ஏறுகிறது, மறுபடி ஏறுகிறது. யாரோ குளிர்ந்த காலையில் ஜன்னலைத் திறப்பதுபோல இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிப் பையன், மடியில் ஹார்ன் பெட்டி. வகுப்பிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். ஹார்ன்கள் வந்த இடத்தில் அவன் விரல்கள் பெட்டியின் மேல் அசைந்தன. கண்ணாடி ஆலைக் கணக்குப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பெர்வால்ட் அந்தப் பையனைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

ஏப்ரல் 30 இரவு, வால்பொரி. ஊர் மைதானத்தில் பெரிய நெருப்பு மூட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டே வசந்தத்தை வரவேற்கிறார்கள். அதற்குப் பாட்டு வேண்டும், எங்கள் குழு போனது. குளிர்காலம் சீறி ஓய்ந்தது என்று தொடங்கும் பாட்டு. மெட்டு ஓட்டோ லிண்ட்ப்ளாட். வரிகள் யாருடையவை தெரியுமா? நம் எலும்பு மருத்துவர் சாட்டர்பெரியேதான். லிண்ட்ப்ளாட் வழியில் வந்த லுண்ட் பல்கலைக்கழக மாணவர் குழு மறுநாள் மே 1 மாலை பல்கலைக்கழகப் படிகளில் நின்று பாடும், அதையும் நாடே தொலைக்காட்சியில் பார்க்கும்.

மே மாதம் குழுவாக நார்வேக்குப் போனோம், பெர்கன் நகரத்துக்கு. 17-ஆம் தேதி அவர்களின் அரசியலமைப்பு நாள். விடியற்காலையிலேயே பள்ளி வாத்தியக் குழுக்கள் தெருவில் இறங்கிவிட்டன. பத்து வயதுப் பிள்ளைகள் ட்ரம்பெட்டும் டிராம்போனும் ஊதிக்கொண்டு மழையில் நடக்கிறார்கள். பெர்கனில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.

மறுநாள் ட்ரோல்ட்ஹௌகன், நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக்கின் வீடு. ஏரிக்கரையில் இறங்கிப் போனால் அவர் இசையமைத்த குடிசை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு பியானோ, ஒரு சாய்வுக் கட்டில், தண்ணீரைப் பார்த்த ஜன்னல். என் சமையலறையைவிடச் சிறியது. ஐந்து அடிதான் உயரம் அவர். பியானோவுக்கு எட்ட பீத்தோவன் இசைப் புத்தகத்தை அடியில் வைத்து உட்காருவாராம். வெளியே போகும்போது மேசைமேல் ஒரு சீட்டு எழுதி வைப்பாராம்: யாராவது உள்ளே புகுந்தால் இசைத்தாள்களை மட்டும் விட்டுவிடவும், எட்வர்ட் க்ரீக்கைத் தவிர யாருக்கும் அவை பயன்படாது. மேலே புல் வேய்ந்த கூரை போட்ட சின்ன அரங்கில் மதிய நேரக் கச்சேரி நடந்தது. பியானோவுக்குப் பின்னால் சுவருக்குப் பதில் கண்ணாடி, அதன் வழியே அந்தக் குடிசையும் ஏரியும். ஒரு பெண் அவருடைய 'லிரிக் பீசஸ்' வாசித்தார். எழுதிய இடத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இசையைக் கேட்டேன். அவர் அஸ்தியும் அதே ஏரியோரப் பாறையில்தான் இருக்கிறது.

டென்மார்க்குக்கு ஒரே ஒரு வார இறுதி, நண்பர் ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளுக்காக. சாப்பாட்டுக்கு நடுவே எல்லோர் கையிலும் ஒரு தடித்த பாட்டுப் புத்தகம் வந்தது. 1894 முதல் மறுபடி மறுபடி புதுப்பித்து அச்சாகிற புத்தகம். நாட்டின் மாபெரும் சிம்ஃபனி இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் அதில் நிறைய இடத்தில் இருக்கிறார். வீட்டுக்குச் சாயம் அடிப்பவரின் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். 1907-இல் அவர் மெட்டமைத்த 'யென்ஸ் வைமன்' தெருவில் பிள்ளைகள் சீட்டியடிக்கும் பாட்டாகிவிட்டது. சாலையோரம் வாழ்நாளெல்லாம் கல் உடைத்த தொழிலாளியின் கதை. செத்த பிறகு அவன் சமாதிக்கு ஒரு கல் கிடைக்கவில்லை, உளுத்த பலகைதான் நிற்கிறது. பிறந்தநாள் விருந்தில் இதைப் பாடினார்கள். பாடி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1940-இல் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்திருந்தபோது மக்கள் மைதானங்களில் கூடிச் சேர்ந்து பாடினார்கள் என்று நண்பரின் அக்கா சொன்னார். அவர் அம்மா அதில் நின்றவர்.

ஜூனில் மகளின் பள்ளி மூடும் நாள். 'பூக்கும் காலம் இதோ வருகிறது' என்ற பாட்டு. 1695-இன் பாட்டுப் புத்தகத்திலேயே இருப்பது. அந்த முதல் வரி தொடங்கியதும் எனக்குப் பக்கத்தில் நின்ற கட்டுமஸ்தான ஓர் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் அதே பாட்டோடு பள்ளி முடிந்து விடுமுறைக்கு ஓடியவர்தானே.

கோடை நடுநாளுக்கு உப்சாலாவுக்கு வடக்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். இலைகளும் பூக்களும் சுற்றிய கம்பத்தை நட்டு, குட்டித் தவளைகள் பாட்டுக்குப் பெரியவர்களும் தவளைபோல் குதித்தார்கள். என் கண் வாசித்தவர்கள் மேல்தான் இருந்தது. அங்கேதான் நிக்கெல்ஹார்ப்பாவைக் கிட்டத்தில் பார்த்தேன். வயலினைவிட நீளம், கழுத்தில் வாரைப் போட்டு வயிற்றோடு அணைத்துப் பிடிக்கிறார்கள். வலது கையில் குட்டையான வில். இடது கை விரல்கள் தந்தியைத் தொடுவதே இல்லை. வரிசையாக மரக்கட்டைகள், கீழிருந்து மேலே தள்ளினால் கட்டையின் முனை தந்தியை அழுத்தும். கட்டைகள் தடதடக்கிற சத்தமும் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். மெட்டு வாசிக்க மூன்று தந்தி, ரீங்கரிக்க ஒன்று. அவற்றுக்குக் கீழே பன்னிரண்டு தந்திகள், யாரும் தொடாதவை. மேல் தந்தி ஒலித்தால் அவை தாமாக அதிரும்.

சிதாரின் தரஃப் தந்திகள் போலத்தான். எங்கோ இருக்கிற வடதேசத்துக் கிராமத்துக் கருவியில் அதைப் பார்த்ததும் வாசித்தவரிடம் போய்ச் சொன்னேன். அறுபது வயதுக்காரர், தச்சர். வில்லை எடுத்துவிட்டு, கருவியை என் காதருகே சாய்த்து, "எதையாவது பாடு" என்றார். மோகனத்தில் 'ஸ' பிடித்து 'க', 'ப' என்று போனேன். 'ப'வில் நின்றபோது பெட்டிக்குள் ஏதோ விழித்துக்கொண்டதுபோல் மெல்லிய ஒலி எழுந்தது. நான் நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் இருந்தது. எரிக் சால்ஸ்ட்ரோம் என்பவர்தான் இந்தக் கருவிக்கு இருபதாம் நூற்றாண்டில் மறுவாழ்வு கொடுத்தவர் என்றும், தானும் அவர் பாட்டுகளில்தான் கற்றதாகவும் அவர் சொன்னார். அவருடைய வாத்தியத்தை அவரே செய்திருந்தார்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் குன்றில் கூட்டுப் பாட்டு நிகழ்ச்சி. 1935-இல் தொடங்கியது, 1979 முதல் தொலைக்காட்சியிலும் வருகிறது. ஆயிரக்கணக்கானோர் கையில் பாட்டுத்தாள் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். மேடையில் புதுப் பாப் பாடகி, அடுத்து ஏவெர்ட் டோப்பின் பாட்டு. என் மகள் தோளில் உட்கார்ந்து கைதட்டினாள். எனக்கு அந்த இரைச்சலில் நான்கு குரலும் சரியாகப் பிரிந்து கேட்காததுதான் குறை.

ஆகஸ்டில் குழுவில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் நண்டுபோன்ற ஆற்று இறால் விருந்து. காகிதத் தொப்பி, சோம்பு வாசம், ஒவ்வொரு கோப்பைக்கு முன்னும் ஒரு குட்டிப் பாட்டு. பாட்டு முடியாமல் யாரும் குடிப்பதில்லை. எனக்குக் கோப்பையில் எலுமிச்சைச் சாறுதான், பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. இருட்டியதும் யாரோ 'அஃப்டோனென்' என்றார்கள். குழுவை நடத்தும் அம்மாவிடம் அன்றைக்குக் கவை இல்லை. பெரியவர் மேசையைப் பார்த்தபடி தாழ்ந்த ஒரு ஸ்வரம் பிடித்தார். அதிலிருந்து மற்ற மூன்றும் எழுந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து நின்றது. உதடு கூசியது.

இந்தப் பருவத்துக்கு ஸ்வீடிஷ் இசையமைப்பாளர் ஸ்டென்ஹாமரின் 'ஸ்வேரியே' (ஸ்வீடன்) பாட்டை எடுத்திருக்கிறோம், 1905-இல் எழுதியது. இசைத்தாள் போன வாரமே வந்துவிட்டது. முதல் பக்கம் பாட வந்துவிட்டது. இரண்டாம் பக்கம் இன்னும் பிடிபடவில்லை, பென்சிலால் நிறையக் குறித்து வைத்திருக்கிறேன்.